கேஸ் ஷீட்டில் நான் எழுதிய பொய்

காலை நடைக்குப் போகிற இடத்தில் எங்களுக்கு ஒரு சின்ன ஜமா உண்டு. எல்லாம் ரிட்டயர் ஆன ஆட்கள்தான். அதில் ஒருவர் வங்கியில் மேனேஜராக இருந்தவர். தம்பி மகனை மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். போன வாரம் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"என்ன சிஸ்டர் சட்டம் இது? கட்டக்கூடாதாம், ரூம்ல போட்டுப் பூட்டக்கூடாதாம், மொட்டை அடிக்கக்கூடாதாம். இதெல்லாம் இல்லாம உங்க காலத்துல நல்லாப் பாத்துக்கலையா?"

அங்கே நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. இல்லை சார், நாங்கள் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்று இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் மனநல வார்டுக்குப் போனபோது நடப்பில் இருந்தது 1912ஆம் ஆண்டு சட்டம். அதன் பெயரிலேயே 'லூனசி' என்றுதான் இருக்கும். 1987இல் புதுச் சட்டம் போட்டார்கள். அது அமலுக்கு வரவே 1993 ஆயிற்று. இதற்கு நடுவில் ஒரு நைட் டியூட்டி. பெண்கள் வார்டு, அறுபதுக்கு மேல் நோயாளிகள். ஸ்டாஃப் நர்ஸ் நான் ஒருத்தி. இரண்டு ஆயாக்களில் ஒருவர் லீவு.

நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மா, தூக்கம் இல்லாமல் வார்டு முழுக்க நடந்துகொண்டே இருந்தார். அடுத்தவர் கட்டிலில் போய் உட்காருவார், எழுப்பிப் பேசுவார். அவ்வளவுதான். யாரையும் தொட்டு அடிக்கவில்லை. இரவு ஒரு மணி சுமாருக்கு இன்னொரு நோயாளிக்கு வலிப்பு வந்துவிட்டது. அவளை விட்டு நகர முடியாது. நடக்கிற அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆயாவும் நானுமாக அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் ரோலர் பாண்டேஜால் கட்டிலோடு கட்டினோம்.

வலிப்பு அரை மணியில் அடங்கிவிட்டது. கட்டை அவிழ்த்தது காலை ஆறு மணிக்கு. படுக்கை நனைந்திருந்தது. "நான் யாரையாவது அடிச்சேனா சிஸ்டர்?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் ஹேண்ட் ஓவர் கொடுக்கப் போய்விட்டேன். கேஸ் ஷீட்டில் 'வயலண்ட்' என்று எழுதினேன். டியூட்டி டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

கட்டியதைவிட அந்த ஒரு வார்த்தைதான் பெரிய குற்றம் என்று இன்று நினைக்கிறேன். அடுத்த ஷிஃப்டில் வந்தவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் அவரிடம் போனார்கள். ஊசி மருந்தின் அளவு ஏறியது. அந்த அம்மா நடந்தாலே "உஷார், அவ வயலண்ட்" என்றார்கள்.

இப்போதுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் வந்து, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 97ஆவது பிரிவை முதன்முதலில் படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால்தான் கட்டலாம், அதுவும் தேவையான நேரத்துக்கு மட்டும். தண்டனையாகக் கட்டக்கூடாது. ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணமாகக் காட்டிக் கட்டக்கூடாது. இதை எழுதியவர் யாரோ எங்கள் வார்டில் ஒரு நைட் பார்த்திருக்க வேண்டும்!

கட்டவே கூடாது என்று நானும் சொல்ல மாட்டேன். ஒருமுறை ஒரு பெண் என் கண்ணாடியை உடைத்து, அந்தக் கண்ணாடிச் சில்லாலேயே தன் கையைக் கிழித்துக்கொள்ளப் போனாள். டாக்டரைக் கூப்பிட்டோம், கட்டினோம், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம், அடங்கியதும் அவிழ்த்தோம். அது தப்பில்லை. சட்டமும் அதைத் தடுக்கவில்லை.

சங்கிலிதான் பாதுகாப்பு என்று இன்னும் நினைப்பவர்கள் ஏர்வாடியை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, விடியும் நேரத்தில் பிடித்த தீயில் 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் நடந்தது. இப்போது 95ஆவது பிரிவு சங்கிலியை அடியோடு தடை செய்கிறது.

என் கோபம் சட்டத்தின் மேல் இல்லை. ஆள் போடாமல் சட்டத்தை மட்டும் சுவரில் ஒட்டிவைக்கும் நிர்வாகங்களின் மேல். ராத்திரி இரண்டு மணிக்கு முடிவெடுப்பது நர்ஸ். விசாரணை வந்தால் முதலில் கூப்பிடுவதும் அவளைத்தான். சட்டத்தை மீறியவருக்கு ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது பத்தாயிரம் வரை அபராதம் என்று இருக்கும்போது, 'ஆள் இல்லை, அதனால் கட்டினேன்' என்று எந்த நர்ஸ் எழுதுவாள்? நான் எழுதிய அதே வார்த்தையைத்தான் எழுதுவாள். கட்டிய ஒவ்வொரு தடவையையும் மாதாமாதம் சீராய்வு மன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். கேஸ் ஷீட்டிலேயே பொய் இருந்தால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வேலையில் இருக்கிற பெண்களுக்குச் சொல்கிறேன். டியூட்டி தொடங்கும்போதே ரிப்போர்ட் புக்கில் எழுதுங்கள்: நோயாளிகள் இத்தனை பேர், நர்ஸ் நான் ஒருத்தி, ஆயா ஒருவர், ஆள் கேட்டேன், வரவில்லை. நேரத்தைப் போட்டு எழுதுங்கள். மேட்ரன் திட்டுவார், திட்டட்டும். அன்றைக்கு எனக்கு இந்தத் தைரியம் இல்லை.

மேனேஜர் சாரிடம் நாளைக் காலை ஒன்று கேட்கப் போகிறேன். பையனுக்கு நியமனப் பிரதிநிதியாக யார் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள்? அவனைக் கட்டினால் 24 மணி நேரத்துக்குள் அந்த ஆளுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். தகவல் வந்தால், எதற்காக, எத்தனை மணி நேரம், அன்று டியூட்டியில் எத்தனை பேர் என்று கேளுங்கள் சார்.