வாங்குபவரையும் கட்டட்டும் நன்னடத்தை விதி

பாகிஸ்தானின் கராச்சி நகரில் இருந்த அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலைக்கு 2012 ஆகஸ்டில் ஒரு சான்றிதழ் கிடைத்தது. தொழிலாளர் நலனுக்கான எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசத் தரம் அங்கே பின்பற்றப்படுவதாக இத்தாலியின் ரினா நிறுவனம் உறுதி சொல்லியிருந்தது. சில வாரங்களில், செப்டம்பர் 11 அன்று, அந்தக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. 250-க்கும் மேற்பட்டவர்கள் உள்ளேயே மாண்டார்கள். அது திட்டமிட்டு வைக்கப்பட்ட தீ என்று பாகிஸ்தான் நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது. தீயை வைத்தது யாராக இருந்தாலும், கதவுகள் திறந்திருந்தால் பலர் ஓடித் தப்பியிருப்பார்கள்.

அங்கு தைத்த துணிகளில் பெரும்பகுதியை வாங்கியது ஜெர்மனியின் கிக் நிறுவனம். சப்ளையர்களுக்கான நன்னடத்தை விதி அந்த நிறுவனத்திடம் இருந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முயற்சியில் 2016-ல் 51.5 லட்சம் டாலர் தர கிக் ஒப்புக்கொண்டது. ஆனால் அதன் சட்டப் பொறுப்பை நிலைநாட்டப் பாதிக்கப்பட்டவர்கள் டார்ட்மண்ட் நகர நீதிமன்றத்துக்குப் போனபோது, காலக்கெடு கடந்துவிட்டது என்று 2019-ல் வழக்கு தள்ளுபடியானது.

வெளிநாட்டு நிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் செய்து தருபவர்கள் மீது இப்படி ஒழுக்க விதிகளை எழுதிவைக்கும் வழக்கம் 1990-களின் தொடக்கத்தில் பரவியது. லீவைஸ் 1991-ல் முன்னோடியாக வெளியிட்டது. நைக்கி அடுத்த ஆண்டு பின்தொடர்ந்தது. இன்று விதி இல்லாத பெரிய பிராண்டே கிடையாது.

திருப்பூரில் ஒரு ஏற்றுமதியாளருக்கு ஆர்டர் வரும்போது அதில் இரண்டு பகுதி இருக்கும். ஒன்றில் ஸ்டைல் எண், நிறம், சைஸ், பீஸ் விலை, ஷிப்மென்ட் தேதி. மற்றதில் நன்னடத்தை விதி: குழந்தைத் தொழிலாளர் கூடாது, கட்டாய ஓவர்டைம் கூடாது, குறைந்தபட்சக் கூலி தர வேண்டும், அவசர வழிகள் திறந்திருக்க வேண்டும், பாலியல் தொல்லையை விசாரிக்கக் குழு வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமானது. ஒவ்வொன்றுக்கும் பணம் வேண்டும். அந்தப் பணம் முதல் பகுதியில் உள்ள பீஸ் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டால் பதில் வராது. ஆடிட் கட்டணத்தைக்கூடப் பல நேரங்களில் தொழிற்சாலைதான் கட்டுகிறது. ஷிப்மென்ட் தாமதமானால் டிஸ்கவுன்ட் பிடித்தம், இல்லாவிட்டால் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். பையர் கடைசி நேரத்தில் டிசைனை மாற்றியதால் தாமதம் என்றாலும், அதை நிரூபித்து வாதாடும் தைரியம் எல்லாருக்கும் வராது. அடுத்த சீசன் ஆர்டர் போய்விடும் என்ற பயம். அந்த நெருக்கடி நேரே தையல் லைனில் இறங்குகிறது. விதியில் 'கூடாது' என்று எழுதியுள்ள ஓவர்டைமை, தேதியில் 'வேண்டும்' என்று அதே பையர்தான் கேட்கிறார்.

ஆடிட் நாள் எப்படி இருக்கும் என்பது லைனில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். தையல் மெஷின்களில் ஊசிக் காப்பு ஏறும். கட்டிங் மாஸ்டர் கைக்கு இரும்புக் கையுறை வரும். வழியை அடைத்துக் குவிந்திருந்த பண்டல்கள் முதல் நாள் இரவே இடம் மாறும். கேள்வி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிக் கொடுப்பார். ஆடிட்டர் கிளம்பிய மறுநாள் ஷிப்மென்ட் அவசரத்தில் பண்டல்கள் பழைய இடத்துக்கே திரும்பும்.

சரி, விதி மீறப்பட்டால் அதை வைத்துத் தொழிலாளர் நியாயம் கேட்க முடியுமா? வால்மார்ட் வழக்கு இதற்குப் பதில் சொன்னது. சீனா, வங்கதேசம், இந்தோனேசியா, ஸ்வாசிலாந்து, நிகராகுவா நாடுகளில் வால்மார்ட்டுக்காக வேலை செய்தவர்கள், 'சப்ளையர்களைக் கண்காணிப்பதாக உங்கள் ஒப்பந்தம் சொல்கிறது, செய்யவில்லை' என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தொழிற்சாலையைச் சோதிக்கும் உரிமையை வால்மார்ட் வைத்துக்கொண்டது, சோதித்தே தீரும் கடமையை ஏற்கவில்லை என்றது தீர்ப்பு. அந்த ஒப்பந்தத்தைக் கொண்டு உரிமை கோரத் தொழிலாளர்களுக்கு இடமில்லை என்றும் சொன்னது. யாரைக் காப்பாற்ற விதி எழுதப்பட்டதோ, அவர்களுக்கே அதில் பங்கில்லை.

2020-ல் இன்னொரு முகம் தெரிந்தது. கொரோனா வந்ததும் பல பிராண்டுகள் 'கட்டுப்பாட்டுக்கு மீறிய நிகழ்வு' என்ற ஷரத்தைக் காட்டி, தைத்து முடித்த துணிக்கும் பணம் தர மறுத்தன. ரத்தானதும் நிறுத்திவைக்கப்பட்டதுமான ஆர்டர்களின் மதிப்பு 300 கோடி டாலருக்கு மேல் என்று வங்கதேச ஆடை உற்பத்தியாளர் சங்கம் கணக்குச் சொன்னது. கூலியைக் குறித்த நேரத்தில் தர வேண்டும் என்று சப்ளையருக்கு விதி எழுதியவர்கள், அந்தக் கூலிக்கான பணத்தையே நிறுத்தினார்கள்.

இதையெல்லாம் மாற்ற முடியாது என்று சொல்பவர்கள் ராணா பிளாசாவுக்குப் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும். 2013 ஏப்ரல் 24-ல் டாக்கா அருகே அந்த எட்டு மாடிக் கட்டடம் சரிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது. கீழே இருந்த வங்கி ஊழியர்களை வெளியேற்றியது, தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். அடுத்த மாதமே பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் 'அக்கார்டு' என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்தன. இதில் வாங்குபவருக்கும் கடமை உண்டு. பழுதுபார்க்கப் பணம் இல்லாத தொழிற்சாலைக்கு வழி செய்ய வேண்டும். மீறினால் சங்கம் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். இழுக்கவும் செய்தார்கள். தி ஹேக் நகரில் நடந்த இரு வழக்குகளும் சமரசத்தில் முடிந்தன. ஒன்றில் மட்டும் 23 லட்சம் டாலர் தர ஒரு பிராண்டு 2018 ஜனவரியில் சம்மதித்தது.

நம் திண்டுக்கல்லிலேயே அடுத்த உதாரணம் இருக்கிறது. நாச்சி அப்பேரல் தொழிற்சாலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அங்கு சூப்பர்வைசராக இருந்தவர் கைதானார். பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஓராண்டுக்கு மேல் விடாமல் போராடியது. 2022-ல் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் சட்டப்படி கட்டுப்பட்டன. நிர்வாகம் மீறினால் ஆர்டரில் அடி விழும் என்பதே அதன் பல். ஒவ்வொரு 25 தொழிலாளருக்கும் ஒருவர் என்ற கணக்கில் கண்காணிப்பாளர்களைச் சங்கம் பயிற்றுவித்தது. வெளியூரிலிருந்து ஒருநாள் வந்துபோகும் ஆடிட்டரல்ல. பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண். சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசினால் அன்றைக்கே அந்தப் பெண்ணிடம் சொல்லலாம். முதல் ஆண்டில் வந்த 185 புகார்களில் 182 தீர்க்கப்பட்டன. கட்டாய உழைப்புப் புகாரில் அமெரிக்கச் சுங்கத்துறை 2022 ஜூலையில் நாச்சி துணிகளுக்குப் போட்ட தடை செப்டம்பரிலேயே விலகவும் இந்த ஒப்பந்தம் கைகொடுத்தது. தொழிலாளருக்குப் பாதுகாப்பு கொடுத்தால் வியாபாரம் கெடும் என்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

நம் சட்டம் இதில் பின்தங்கியிருக்கிறது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் கீழ், ஒப்பந்தத்தில் பங்கேற்காதவர் பொதுவாக அதைக் கொண்டு வழக்குத் தொடுக்க முடியாது; 1969-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இங்கிலாந்து 1999-ல் தனிச் சட்டம் கொண்டுவந்து, யாருடைய நன்மைக்காக ஷரத்து எழுதப்பட்டதோ அவரே அதைக் கோரலாம் என்று வழிதிறந்தது. மத்திய அரசும் அப்படி ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டும். அது மட்டும் போதாது. ஏற்றுமதி ஒப்பந்தங்களில் பெரும்பாலும் வெளிநாட்டுச் சட்டமே செல்லும் என்று எழுதியிருக்கும். மூன்றாம் நபருக்கு உரிமை இல்லை என்ற வரியும் கூடவே இருக்கும். ஆகவே ஒப்பந்த வாசகமே மாற வேண்டும். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் குழு ஒன்று 2021-ல் வெளியிட்ட மாதிரி ஷரத்துகள், வாங்குபவரும் பொறுப்பைப் பகிர வேண்டும், விதியைப் பின்பற்றும் செலவுக்கு விலை இடம்தர வேண்டும், தவறு கண்டால் ஓடிப்போகாமல் முதலில் சரிசெய்ய உதவ வேண்டும் என்கின்றன. வாசகம் தயாராகவே இருக்கிறது.

தனி ஒரு ஏற்றுமதியாளர் இதைக் கேட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். அதனால் திருப்பூர், கரூர், ஈரோடு ஏற்றுமதியாளர் சங்கங்கள் தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து ஒரே வாசகத்தை முடிவு செய்து, அடுத்த சீசன் பேச்சுவார்த்தையில் எல்லாரும் அதையே முன்வைக்க வேண்டும். அந்த மேசைக்கு இரு தரப்பையும் அழைத்துவரும் வேலையைத் தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலத்துறை உடனே தொடங்க வேண்டும்.