அமுக்கிப் பார்த்து ஏமாறாதீர்கள்

மெத்தைக் கடையில் காதில் விழும் முதல் வார்த்தை 'ஆர்த்தோ'. கல் மாதிரி இருந்தால் முதுகுக்கு நல்லதாம். 'டாக்டரே சொல்றாங்க சார்!'

எந்த டாக்டர்? 2003-ல் லான்செட் இதழில் ஸ்பெயின் ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 313 பேர். கெட்டி மெத்தைக்காரர்களைவிட நடுத்தர மெத்தைக்காரர்களுக்கே வலி அதிகம் குறைந்தது.

நாம் கேட்கவேண்டியது வேறு. ஃபோம் என்றால் அடர்த்தி எவ்வளவு? கன மீட்டருக்கு எத்தனை கிலோ? கெட்டி வேறு, அடர்த்தி வேறு. அடர்த்தி குறைந்த ஃபோமையும் கெட்டியாகத் தயாரிக்கலாம். கையால் அமுக்கினால் தெரியாது. குழி விழும்போதுதான் தெரியும். எனக்கு இரண்டே வருஷத்தில் தெரிந்தது. வாரண்ட்டி கார்டோடு போனேன். 'ஒண்ணரை இன்ச் பள்ளம் விழுந்தாத்தான் சார் கணக்கு' என்றார்கள்.

அடர்த்தியைச் சொல்ல மறுத்தால் மெத்தையை எடை போடச் சொல்லுங்கள். 6-க்கு 5 அடி, 5 அங்குலம், முழுக்க ஃபோம், அடர்த்தி 40 என்றால் சுமார் 14 கிலோ இருக்கவேண்டும். 7 கிலோதானா? அடர்த்தியும் பாதிதான். எழுந்து வந்துவிடுங்கள்.

பாட்டி காலத்து இலவம்பஞ்சு மெத்தை கட்டிதட்டினால், பிரித்து வெயிலில் போட்டு, பஞ்சை அடித்துத் திரும்பத் தைத்தார்கள். உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்தார்கள்.

அஞ்சு ரூபாய் பிஸ்கெட் பாக்கெட்டில்கூட எடையும், உள்ளே என்ன என்பதும் அச்சாகியிருக்கிறது. முப்பதாயிரம் ரூபாய் மெத்தையில் மட்டும் ஏன் சார் ரகசியம்?