புரோக்கர் ஏன் ‘சரிப்பட்டு வராது’ என்கிறார்?

சென்னையில் பழைய வீடு ஒன்றை, கிரைய ஒப்பந்தம் போட்டு 6 மாதத் தவணையில் வாங்க நினைக்கிறார் ஒருவர். கேட்டதுமே புரோக்கர், "அதெல்லாம் சரிப்பட்டு வராது சார்" என்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கமிஷன் 1 அல்லது 2 சதவீதம். அதுவும் பெரும்பாலும் பத்திரப்பதிவு அன்றுதான் கைக்கு வரும். அதுவரை சும்மா அலைய யாருக்கு மனசு வரும்? ஒப்பந்தம் பதிவாகும் நாளிலேயே பாதி கமிஷன் என்று எழுதிக் கொடுத்தால் பேச்சே மாறும்.

பயப்பட வேண்டியது, எதற்கும் தலையாட்டும் புரோக்கரிடம்தான். "பவர் வாங்கிட்டா போதும், வீடு உங்களுதுதான்" என்பார். பவர் பத்திரத்தால் மட்டும் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. வில்லங்கம் பார்த்தாச்சா, வீட்டின் மேல் லோன் இருக்கா என்று நச்சரிக்கிறவர்தான் இந்த மாதிரி டீலுக்குச் சரியான ஆள். அவர் அரை சதவீதம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.