பழைய மடிக்கணினிக்கு வெளியே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

பழைய மடிக்கணினிக்கு வெளியிலிருந்து கிராஃபிக்ஸ் கார்டு மாட்ட முடியுமா? விளையாட்டுப் பிரியர்கள் கேட்டுவந்த கேள்வியை இப்போது அனிமேஷன் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் என்னிடம் கேட்கிறார்கள்.

முடியும். மேசைக் கணினிக்கான கார்டை ஒரு பெட்டிக்குள் பொருத்தி, அதற்குத் தனி மின்சாரம் கொடுத்து, ஒரே கேபிளில் மடிக்கணினியோடு இணைக்கலாம். சிக்கல் அந்தக் கேபிளைச் செருகும் இடத்தில்தான்.

பொதுவாக, தண்டர்போல்ட் 3 வேண்டும். பார்க்க யூஎஸ்பி-சி போலவே இருக்கும். பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலிலும் சரிபாருங்கள். 2015-க்கு முந்திய மடிக்கணினிகளில் தண்டர்போல்ட் 3 கிடையாது. அவற்றின் அடிமூடியைக் கழற்றி, வைஃபை கார்டு இருக்கும் இடத்தில் அடாப்டர் செருகுகிறவர்களும் உண்டு. ஸ்குரூடிரைவர் பிடித்துப் பழகியவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. நாளைக்கு அசைன்மென்ட் கொடுக்க வேண்டிய மாணவனுக்கு வேண்டாத வேலை.

என் தங்கை மகன் பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தோடு லோயாட் பிளாசாவுக்குக் கிளம்பிவிட்டான். “தம்பி, முதலில் கணினியைத் திருப்பிக் காட்டு” என்றேன். யூஎஸ்பி-சி இருந்தது, மின்னல் குறி இல்லை. பட்டியலிலும் சார்ஜும் தரவும் மட்டும்தான். “அப்போ வேணாமா மாமா?” என்றான், முகம் வாடிப்போய்.

தண்டர்போல்ட் 3 இருந்தாலும் முழு வேகம் கிடைக்காது. வினாடிக்கு 40 கிகாபிட் என்பது பெரிய எண்தான். ஆனால் மேசைக் கணினியில் கார்டுக்கு வழக்கமாக 16 தடங்கள்; இந்தக் கேபிளில் 4 மட்டும். பெருநாள் கூட்டத்துக்கு நாலே டோல் சாவடி திறந்தது போல. ரெண்டரிங்கில் இழப்பு குறைவு. காட்சி ஒருமுறை கார்டின் நினைவகத்துக்குள் போய்விட்டால் கேபிளில் அவ்வளவாக நெரிசல் இருக்காது. விளையாட்டில் இழப்பு கண்ணுக்குத் தெரியும். கார்டிலேயே நேராக மானிட்டரைச் செருகினால் கொஞ்சம் மீளலாம். பிராசஸர் பழசானால், கார்டு அதற்காகக் காத்துக் கிடக்கும்.

பெட்டி, கார்டு, மானிட்டர் மூன்றின் விலையையும் கூட்டி, பழைய மேசைக் கணினி ஒன்றின் விலையோடு ஒப்பிடுங்கள். தங்கை மகன் இப்போது அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறான். பெட்டிதான் வேண்டும் என்றால், உங்கள் மடிக்கணினியையே கடைக்குக் கொண்டுபோய், இணைத்துக் காட்டிய பிறகு காசு கொடுங்கள்.