‘ஃபோர் சீசன்’ ஸ்டிக்கரை நம்பி பனியில் கிளம்பலாமா? மோட்டார்ஹோம் குழாய்கள் உடைவது ஏன்?

படுக்கை, அடுப்பு, டாய்லெட் என ஒரு வீட்டையே வண்டிக்குள் அடக்கியதுதான் மோட்டார்ஹோம். அமெரிக்கா, கனடாவில் ராக்கி மலைப் பக்கம் கடுங்குளிரிலும் இதில் சுற்றுகிறவர்கள் உண்டு. ‘ஃபோர் சீசன்’ என்று ஸ்டிக்கர் இருந்தால் போதும், எந்தக் குளிரையும் வண்டி தாங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஸ்டிக்கருக்கு என்ன அர்த்தம்?

ஐரோப்பாவில் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. இஎன் 1646 தரநிலையில் ‘கிரேடு 3’ கிடைக்க வேண்டுமானால், வெளியே மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது உள்ளே 20 டிகிரிக்குச் சூடேற வேண்டும். தண்ணீர் அமைப்பும் வேலை செய்ய வேண்டும். அமெரிக்காவில் ‘ஃபோர் சீசன்’ என்பதற்கு அப்படியொரு பொது வரையறை கிடையாது. எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று சொல்லாத ஸ்டிக்கர் வெறும் விளம்பரம்தான்.

குழாய் எப்படி உடைகிறது?

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். இன்றைய வண்டிகளில் இருக்கும் பெக்ஸ் குழாய் ஓரளவு வளைந்து கொடுக்கும். பம்ப், இணைப்புகள், டாய்லெட் வால்வு எல்லாம் கொடுக்காது. விரிசல் விட்டதும் உடனே தெரியாது. ஐஸ் உருகிய பிறகுதான் ஒழுகும். சில வண்டிகளில் வசந்த காலத்தில்தான் விஷயமே வெளியே வரும்.

உள்ளே சூடாத்தானே இருக்கு?

இதுதான் பெரிய பொறி. பல வண்டிகளில் கேஸ் ஃபர்னஸின் சூடான காற்றுதான் தரைக்குக் கீழே இருக்கும் தொட்டிகளுக்கும் போகிறது. கேஸை மிச்சப்படுத்த எலெக்ட்ரிக் ஹீட்டரை மட்டும் போட்டால் அறை கதகதப்பாகிவிடும், ஃபர்னஸ் ஓடாது, அடியில் தண்ணீர் உறைந்துவிடும். பயணத்தின்போது பாதுகாப்புக்காகப் பலர் கேஸை மூடிவிடுவதால், ஓடும் நேரத்திலும் இதே ஆபத்துதான்.

சரி, என்னதான் செய்வது?

நீண்ட தூரம் உறைகுளிரில் ஓட்டுபவர்களுக்குச் சரியான வழி, தண்ணீர் இல்லாமல் போவதுதான்.

* தொட்டிகள், வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் காலி செய்ய வேண்டும். ஹீட்டர் ஆறிய பிறகே திறக்கணும். காலி ஹீட்டரில் மின்சாரம் போட்டால் காயில் கருகிவிடும்.
* பைபாஸ் வால்வைத் திருப்பி, ஹீட்டரைத் தவிர்த்துவிட்டு, மற்ற குழாய்களில் இளஞ்சிவப்பு நிற ஆர்வி ஆன்ட்டிஃப்ரீஸ் ஓட விட வேண்டும். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் வகை விஷம். அது கூடவே கூடாது.
* குடிக்க, சமைக்க கேன் தண்ணீர். டாய்லெட்டுக்கும் அதே ஆர்வி ஆன்ட்டிஃப்ரீஸ்.
* முகாமில் கழிவுநீர் வால்வை மூடியே வைத்து, தொட்டி நிறைந்ததும் மொத்தமாகத் திறக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக விட்டால் ஹோஸிலேயே உறையும்.

‘ஷவர்கூட இல்லாம எதுக்கு மோட்டார்ஹோம்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு வாரம் ஷவரை விடுவது, உடைந்த பம்பையும் ஊறிப்போன தரையையும் மாற்றுவதைவிட எளிது. உறைவதால் வரும் சேதத்தைப் பல இன்ஷூரன்ஸ் பாலிசிகள் ஏற்பதும் இல்லை.

பொறுப்பு பயணியோடு முடிந்துவிடவில்லை. குளிர்காலத்தில் வண்டியை வாடகைக்கு விடும் நிறுவனங்கள், எத்தனை டிகிரி வரை தண்ணீரைப் பயன்படுத்தலாம் என்பதைச் சாவி கொடுக்கும்போதே எழுதித் தர வேண்டும். அதைச் சொல்லாமல் வண்டியைக் கொடுத்துவிட்டு, குழாய் உடைந்ததும் பில் நீட்டுவது நியாயமில்லை. எழுதித் தராவிட்டால் பயணிகள் கேட்டு வாங்க வேண்டும்.