மருந்தை மெல்ல விடுதல்

அச்சமும் கவலையும் மிக்கு உறக்கம் இழந்தார்க்கு வைத்தியர் தரும் அமைதி மாத்திரைகளைக் குறித்து நம்மவர் இருவகையாக நடந்துகொள்கின்றனர். ஒரு சாரார் அவற்றைத் தலைவலி மாத்திரைபோல் எண்ணி ஆண்டுக்கணக்கில் விழுங்குவர். மற்றொரு சாரார் நஞ்சென அஞ்சி ஒரே நாளில் வீசியெறிவர். இவ்விரண்டும் பிழை. விடத்தக்க மருந்தை வைத்தியர் துணையுடன் சிறிது சிறிதாக விடுதலே நெறி. அங்ஙனம் விடுங்கால் எழும் நரம்பு நோவைப் பிறர் எள்ளாது உடனின்று தாங்குதல் கடமை. இவையே நாம் ஈண்டு வற்புறுத்தப் புகுந்தவை.

இராயபுரம் முதல் திருவொற்றியூர் வழியாக எண்ணூர்வரை நீண்டுள்ள கடற்கரையை அறிந்தார்க்கு இப்பொருள் அயலானதன்று. விடியுமுன் கடலேறும் மீனவர்க்கும், வாரத்துக்கொரு முறை மாறும் ஆலைத் தொழிலாளர்க்கும், துறைமுகச் சாலையில் இரவெல்லாம் காத்துக்கிடக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர்க்கும் உறக்கம் ஒழுங்காய் வாய்ப்பது அரிது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல்வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படகிலும் வலையிலும் படிந்தது. அம்மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய ஊரார் மூச்சுத் திணறி, குழந்தைகளை அள்ளிக்கொண்டு வீதிக்கு ஓடினர். அத்தகைய இரவுகளுக்குப் பின் நெஞ்சு படபடப்பது கோழைத்தனம் ஆகாது. அதற்கென ஒருவர் மருந்தை நாடுவதும் வியப்பன்று. அம்மருந்தை எப்போது, எவ்வாறு விடுவது என்பதே வினா.

இம்மருந்தினத்துள் முதலாவதாகிய லிப்ரியம் 1960-இலும், வேலியம் 1963-இலும் விற்பனைக்கு வந்தன. ஹாப்மன் லா ரோஷ் நிறுவனத்தைச் சேர்ந்த லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் இரசாயன அறிஞரின் ஆய்விலிருந்து பிறந்தவை அவை. இன்று அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம் எனப் பல பெயர்களில் வழங்குவன அவற்றின் இனமே. சில நாளோ சில வாரமோ உண்பார்க்கு இவை பெருந்துணையாவதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நெடுநாள் உண்பாருடைய உடல் இவற்றுக்குப் பழகிப்போகும். இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை ஹெதர் ஆஷ்டன் என்னும் அம்மையார், இம்மருந்தை விடுவோர்க்கெனவே ஒரு வைத்தியசாலைப் பிரிவை நடத்தி, அவர்தம் துன்பங்களை ஆராய்ந்து எழுதினார். அமெரிக்க மருந்துத்துறை இவ்வின மருந்துகள் அனைத்தின்மீதும் பழக்கம், விடுதல் நோவு ஆகியவை பற்றிய கடும் எச்சரிக்கை பொறிக்கப்படவேண்டும் என 2020-இல் விதித்தது.

நோவு எழுவது ஏன்? மூளையில் நரம்புகளைத் தூண்டும் பொருள்களும் உள, அடக்கும் பொருள்களும் உள. அடக்குவனவற்றுள் தலையாயது காபா என்பது. இம்மாத்திரைகள் அதன் ஆற்றலை மிகுவிக்கின்றன. இவ்வுதவி பல மாதம் தொடருமாயின், மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. பின்னர் மருந்தைக் குறைக்குங்கால் அடக்குதல் குன்றித் தூண்டுதல் ஓங்குகிறது. அப்போது தணல்மேல் நின்றாற்போல உள்ளங்கால் எரியும். விரல்களில் எறும்பு ஊரும். தோலின்கீழ் மின்சாரம் வெட்டும். பிடரியும் தாடையும் இறுகும். நரம்பு அறுந்துபோகவில்லை, அதன் குரல்தான் பெரிதாகிவிட்டது. மூளை தன் பழைய நிலைக்கு மீளமீள, பெரும்பாலார்க்கு இந்நோவும் ஏறியிறங்கி மெல்லத் தணியும்.

இதனை அறியாதார் நோயாளியை நோக்கி, ‘மாத்திரைக்கு அடிமையானவன்’ என்பர். வைத்தியர் சொற்படி உண்ட மருந்துக்கு உடல் பழகுவது வேறு. வெறியோடு மருந்தைத் தேடி அலைவது வேறு. வேறு சிலர், ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சுவர்தோறும் விளம்பரம் எழுதும் போலி வைத்தியரிடம் அவனை அனுப்பிவைப்பர். இன்னுஞ் சிலர், ‘மனவுறுதி இருந்தால் இன்றே நிறுத்து’ என்பர். இவ்வறிவுரையே யாவற்றினும் கொடிது. நெடுநாள் உண்ட இம்மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிருக்கே இடர் நேரலாம். துறைமுகத்தை நெருங்கும் கப்பல் நெடுந்தொலைவிலேயே வேகத்தைத் தணித்துக்கொண்டு வருகிறது. அதனை எந்த மாலுமியும் கோழைத்தனம் என்று கூறான்.

அமெரிக்க வைத்தியச் சங்கங்கள் பல கூடி 2025-இல் வெளியிட்ட நெறிமுறையும் இதனையே கூறுகிறது. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு அளவே குறைத்துத் தொடங்கவேண்டும் என்பது அதன் கருத்து. நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் டயசிபாம் உண்பவர் முதற்படியில் அரை முதல் ஒரு மில்லிகிராமே குறைப்பார். நோவு பொறுக்கவொண்ணாததாயின் அப்படியிலேயே தங்கலாம். தங்குதல் தோல்வியன்று.

நிற்க. மருந்தை விடுங்கால் தோன்றும் எரிச்சல் யாவும் அதனாலேயே வந்ததெனக் கொள்ளுதலும் தகாது. நீரிழிவு நோயினாலும், பி-12 உயிர்ச்சத்துக் குறைவினாலும், மதுவினாலும் கால் எரியும். நீரிழிவுக்கு மெட்பார்மின் நெடுநாள் உண்பார்க்கு அவ்வுயிர்ச்சத்துக் குறைதலும் உண்டு. ஆதலின் இரத்தச் சோதனை இன்றியமையாதது. நோவு தாங்காது டிரமடால் முதலிய அபினின மாத்திரைகளையோ மதுவையோ இதனோடு சேர்த்தல் மூச்சையே நிறுத்திவிடக்கூடும். மெல்ல நடத்தல், இளஞ்சூட்டு ஒத்தடம், மூச்சை நீள விடுதல், காப்பியைக் குறைத்தல், கூடியமட்டும் ஒரே வேளையில் எழுதல் ஆகியவை எளிய துணைகள். உணர்ச்சி மங்கிய காலுக்கு மட்டும் சூட்டொத்தடம் ஆகாது, வெந்தாலும் தெரியாது.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன் என வைத்தியத்துக்கு நான்கு உறுப்பு வகுத்தார். இந்நான்கும் இங்கு வேண்டும். நோயுற்றவர் தம் நோவை மறையாது உரைத்து, நாட்குறிப்பும் வைத்தல் நலம். வைத்தியர் மருந்தைத் தொடங்கும் அன்றே அதனை விடும் நாளையும் பேசுவாராக. குறைக்கும் அளவையும் நாளையும் தமிழில் தெளிவாக எழுதித் தருவாராக. மருந்துக்கடையார்க்குச் சட்டம் உண்டு. 2014 மார்ச்சு முதல் நடப்பிலுள்ள எச்-1 அட்டவணைப்படி, அல்பிரசோலம், டயசிபாம் முதலியவற்றைச் சீட்டின்றி விற்கலாகாது; விற்றதைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு காக்கவேண்டும். அவ்விதி ஏட்டளவில் நில்லாதிருக்க.

நான்காம் உறுப்பே நம் நாட்டில் குறைவுடையது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவு, இரத்த அழுத்தம் உடையாரின் இல்லத்துக்கே மருந்தைக் கொண்டுசெல்கிறது. மருந்தைக் குறைத்து வருவோரின் நிலையை வாரமொரு முறை விசாரிக்கும் பணியையும் அதனோடு சேர்த்தல் வேண்டும் என்பது நம் கருத்து. ஒரு நாட்கூலியை இழந்து ஸ்டான்லி மருத்துவமனைக்கு வந்து வரிசையில் நிற்க இயலாத ஆலைத் தொழிலாளி, இடையில் கேட்பாரின்றியே மருந்தை ஒருங்கே விட்டுவிடுகிறான். அன்றி ஒருபோதும் விடாதிருக்கிறான். 2022-இல் மத்திய அரசு அமைத்த 14416 என்னும் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைப்பதையும் பலர் அறியார்.

மாணவ நண்பர்காள்! நும் தந்தையோ, பாட்டியோ, அறைத்தோழனோ இவ்வழியில் நடப்பவராய் இருக்கலாம். ‘கால் எரிகிறது’ என்று அவர் கூறும்போது, ‘எல்லாம் மனப்பிரமை’ என்னாதீர். அந்நோவு மெய், அது தணிவதும் மெய். இவ்விரண்டையும் அவர் நம்பும்படி சொல்லி, அடுத்த படிக்கு அவர் ஆயத்தமாகும்வரை அருகிருப்பதே நும்மால் இயன்ற மருந்தாகும்.