பிள்ளையைத் தேடத்தான் கணக்கு!

ஒன்பதாம் வகுப்புப் பையன். தீபாவளிக்கு ஊருக்குப் போனான். பொங்கலும் வந்து விட்டது. பையன் வரவில்லை.

முன்பெல்லாம் என்ன நடக்கும்? வருகைப் பதிவேட்டில் கொஞ்ச நாள் 'ஆப்சென்ட்'. பிறகு பெயரை அடித்து விடுவார்கள். அவன் வேறு பள்ளியில் சேர்ந்தானா, ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் பிடிக்கிறானா? கேட்க நாதி கிடையாது!

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் தமிழக பள்ளிக்கல்வித் துறையின் 'எமிஸ்' என்ற கம்ப்யூட்டர் பதிவேடு. மாணவ, மாணவி ஒவ்வொருவருக்கும் தனி எண். பள்ளியை விட்டு விலகினால் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போகும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக் கொள்ளும். எந்தப் பள்ளியும் எடுக்கவில்லையா? பிள்ளை எங்கே என்று தேட வேண்டும்.

நல்ல ஏற்பாடு. பாராட்டுகிறோம்.

தலையை எண்ணுவது வேறு, பெயரை எழுதுவது வேறு. 2021-22 வரை மத்திய அரசு பள்ளிகளிடம் மொத்த எண்ணிக்கையைத்தான் வாங்கியது. நாடு முழுவதும் சுமார் 26 கோடியே 52 லட்சம் பேர் என்றார்கள். 2022-23ல் ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் தனித்தனியாகக் கேட்டார்கள். கணக்கு சுமார் 25 கோடியே 17 லட்சம் ஆகி விட்டது!

"முறை மாறி விட்டது, இரண்டையும் ஒப்பிடாதீர்கள்" என்கிறது அரசு. சரி, ஒப்பிடவில்லை. ஆனால், பழைய எண்ணை நம்பித்தானே அதுவரை திட்டம் போட்டார்கள்?

ஆகவே பதிவேடு வேண்டும். அதை யார் எழுதுவது, எதற்காக எழுதுவது என்பதுதான் கேள்வி.

காலையில் வகுப்புக்குள் நுழையும் வாத்தியார் முதலில் செல்போனைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. வருகைப் பதிவுக்கு ஒரு பக்கம், நலத்திட்டப் பொருளுக்கு ஒரு பக்கம், தேர்வு மார்க்குக்கு ஒரு பக்கம். "சர்வர் சுத்துது சார்" என்று அவர் நிற்கிறார். எதிரே நாற்பது பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பாடம் எப்போது நடத்துவது?

இன்னொரு ஆபத்தும் உண்டு. எண்ணை வைத்து ஆசிரியரை மிரட்டினால் எண்தான் உயரும், படிப்பு உயராது.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் நடந்ததைப் பாருங்கள். மார்க் கூடினால் பாராட்டு, குறைந்தால் வேலைக்கு ஆபத்து என்று நெருக்கினார்கள். பிள்ளைகளின் விடைத்தாளை ஆசிரியர்களே அழித்துத் திருத்தினார்கள்! 2011ல் விசாரணை அறிக்கை வந்தது. ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44ல் தில்லுமுல்லு. 2015ல் 11 பேர் குற்றவாளிகள் என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் 'பாஸ்' கிடைத்தது. அதனால் அதற்குக் கிடைத்திருக்க வேண்டிய தனிக் கவனம் கிடைக்காமலே போனது.

இங்கேயும் 'நூறு சதவீதத் தேர்ச்சி' மோகம் புதிதல்ல. மக்குப் பையன் என்று முத்திரை குத்தி, டி.சி.யைக் கொடுத்து அனுப்பி விட்டால் சதவீதம் ஏறி விடும். பள்ளிக்கு நல்ல பெயர், பையனுக்குத் தெரு!

ஆகவே அரசுக்கு மூன்று யோசனைகள்:

விவரம் பதிய ஒவ்வொரு பள்ளிக்கும் தனி ஆள் கொடுங்கள். ஒரு முறை வாங்கிய விவரத்தை மறுபடி மறுபடி கேட்காதீர்கள்.

தேர்ச்சி சதவீதத்தோடு, ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினார்கள் என்பதையும் பள்ளிவாரியாக வெளியிடுங்கள். வண்டவாளம் தெரிந்து விடும்.

பிள்ளைகளின் பெயர், விலாசம், பெற்றோர் போன் நம்பர் வெளியே கசியாமல் பூட்டி வையுங்கள். 2023ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளுக்குத் தனிக் காவல் தருகிறது. அது ஏட்டோடு நிற்கக் கூடாது.

பெயர் பொதுத் தொகுப்பில் கிடக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும். அந்த வீட்டுக் கதவைத் தட்ட மனிதர்தான் போக வேண்டும். போவார்களா?